எஞ்சின் மாற்றிய வண்டியும் புகைப் பரிசோதனையும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் வாகன மின்வேலைக் கடை நடத்துகிறேன். ஸ்டார்ட்டர், டைனமோ, எஞ்சின் வயரிங் ஆகியவைதான் என் தொழில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, பழைய வண்டியைக் கைவிட மனமில்லாமல் எஞ்சினை மட்டும் மாற்றி ஓட்டியவர்கள் மலையகத்தில் ஏராளம். அந்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலம் வந்தால், புகைப் பரிசோதனையில் திருப்பிவிட்ட அறிக்கையைச் சுருட்டிப் பிடித்தபடி யாராவது என் கடை வாசலில் நிற்பார்கள். வண்டிகள்தான் வேறு வேறு, கேள்விகள் ஒன்றுதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, அனுபவத்தில் கண்ட பதில்களைத் தந்திருக்கிறேன்.

எஞ்சின் மாற்றிய வண்டி புகைப் பரிசோதனையில் சித்தியடையாது என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. புகைக் குழாய்க்குள் நுழைக்கும் கருவிக்கு உள்ளே இருப்பது எந்த எஞ்சின் என்று தெரியாது. வெளியே வரும் வாயுவை மட்டுமே அது அளக்கிறது. மொரிஸ் மைனருக்குள் டொயோட்டா 4கே எஞ்சினை வைத்து, ஒழுங்காகப் பராமரித்து, ஆண்டுதோறும் முதல் தடவையிலேயே சான்றிதழ் பெறுகிறவர்களை எனக்குத் தெரியும்.

திருப்பிவிடுவதற்குக் காரணம் எஞ்சினை மாற்றியது அல்ல, பாதி மாற்றியது. எஞ்சினைத் தூக்கி வைத்து, கியர்பெட்டியோடு சேர்த்து, சாவியைத் திருப்பியதும் உறுமினால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். அந்த எஞ்சினோடு பிறந்த சென்சர்கள், புகையின் நஞ்சைக் குறைக்கும் கன்வெர்ட்டர், காற்றுக் குழாய், எரிபொருள் திரும்பும் குழாய் எல்லாம் கராஜின் மூலையில் கிடக்கும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்த மூலையில் கிடப்பவற்றைப் பற்றியவைதான்.

பரிசோதனையில் என்னதான் பார்க்கிறார்கள்? எதையாவது கழற்றுவார்களா?

எதையும் கழற்றமாட்டார்கள். பெற்றோல் வண்டி என்றால் எஞ்சின் சும்மா ஓடும்போது ஒரு தடவையும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2500 சுழற்சியில் பிடித்து ஒரு தடவையும் வாயுவை அளப்பார்கள். காபனோரொட்சைட்டைச் சதவீதத்திலும், எரியாமல் வெளியேறும் ஐதரோகாபனைப் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கிலும் கருவி காட்டும்.

டீசல் வண்டியில் அளப்பது வாயுவை அல்ல, புகையின் கருமையை. கியர் போடாமல் எக்சிலேட்டரை ஒரேயடியாக அடிவரை மிதித்து விடுவார்கள். இதைச் சில தடவைகள் செய்து, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்ப்பார்கள். முழுக்க மின்சாரத்தில் ஓடும் வண்டிக்கு இந்தச் சோதனை இல்லை. மற்ற வண்டிகளுக்குப் பொதுவாக இந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது.

அறிக்கையில் எண்கள் நிறைய இருக்கின்றன. எதைப் பார்த்து என்ன புரிந்துகொள்வது?

அறிக்கையைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். காசு கொடுத்துப் பெற்ற வைத்திய அறிக்கை அது. உங்கள் வண்டிக்குரிய வரம்பும் அளந்த எண்ணும் அதில் இருக்கும். வரம்பைவிட எவ்வளவு கூடியது என்பதைக் காட்டிலும், எது கூடியது என்பதே முக்கியம்.

காபனோரொட்சைட்டு கூடினால் பெற்றோல் கூடுதல், காற்றுப் போதவில்லை என்று பொருள். அடைபட்ட ஃபில்டர், திறக்காத சோக், உயர்ந்த ஃபுளோட் மட்டம், வேலை செய்யாத சென்சர் என்று அந்தப் பக்கம் தேடுங்கள். அது குறைவாக இருந்து ஐதரோகாபன் மட்டும் கூடினால், ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது. பிளக், பிளக் வயர், டைமிங், எரிந்த வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். கலவையில் காற்று அளவுக்கு மீறினாலும் தீ பிடிக்காமல் இதே எண் உயரும். இரண்டும் சேர்ந்து கூடினால் கலவையும் பிழை, கன்வெர்ட்டரும் இல்லை அல்லது செத்துவிட்டது.

அறிக்கையில் ஒட்சிசன் அளவு இருந்தால் அதையும் பாருங்கள். நன்றாக எரியும் பெற்றோல் எஞ்சினின் புகையில் ஒட்சிசன் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள்தான் இருக்கும். மூன்று, நான்கு என்று காட்டினால் புகைக் குழாயின் எங்கோ ஓர் ஓட்டை வழியாக வெளிக் காற்று உள்ளே போகிறது, அல்லது ஒரு சிலிண்டர் எரியவே இல்லை. எஞ்சின் மாற்றும்போது குழாயை வெட்டி ஒட்டுவதால், இந்த ஓட்டை நம் வண்டிகளில் சாதாரணம்.

ஜப்பான் எஞ்சினைக் கம்பியூட்டரோடு வாங்கிப் பூட்டினேன். அருமையாக இழுக்கிறது. ஆனாலும் காபனோரொட்சைட்டு கூடுதல் என்று திருப்பிவிட்டார்கள். ஏன் அண்ணா?

என் கடைக்கு வரும் கேள்விகளில் இதுதான் முதலாவது. முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கியர்பெட்டியின் ஓரமாக, கறுப்பு நாடா சுற்றிய வயர் துண்டு ஒன்று எங்கும் இணைக்கப்படாமல் தொங்குகிறதா? அதுதான் ஒட்சிசன் சென்சரின் வயர். பழைய வண்டியின் சைலன்சர் குழாயில் அந்தச் சென்சரைத் திருகுவதற்கு இடம் இருக்கவில்லை, அதனால் விட்டுவிட்டார்கள்.

ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரியும் எடைக் கணக்கு. புகையை முகர்ந்து பார்த்து இந்தக் கணக்கை, எஞ்சினுக்குப் பெற்றோலை அளந்து விடும் கம்பியூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சர்தான். அது இல்லாவிட்டால் கம்பியூட்டர் கண்ணைக் கட்டிய சமையல்காரர்போல மனப்பாடமாகப் பெற்றோல் விடும். எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கக் கொஞ்சம் கூடவே விடும். வண்டி நன்றாக இழுப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஆகவே, இழுவையை வைத்து எஞ்சின் சரி என்று முடிவு செய்யாதீர்கள்.

வேலை பெரிதல்ல. சிலிண்டர் புகைகள் ஒன்று சேரும் இடத்துக்கு அருகே குழாயில் சென்சருக்கான நட்டை வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். ஒற்றை வயர் சென்சர் என்றால் அது புகையின் சூட்டில்தான் வேலை செய்யும், தள்ளிப் பூட்டினால் குளிர்ந்து ஊமையாகிவிடும். தள்ளித்தான் வைக்க முடியும் என்றால், உள்ளே சூடாக்கும் கம்பி கொண்ட மூன்று அல்லது நான்கு வயர் சென்சரைப் போடுங்கள். பிறகு எஞ்சின் சூடானதும் மல்ட்டிமீற்றரை வைத்துப் பாருங்கள். சென்சரின் சமிக்ஞை 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சென்சர் செத்தது, அல்லது கம்பியூட்டர் அதைக் கேட்கவில்லை.

மலை ஏறும்போது சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். அதற்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். மேலே சொன்ன ஒட்சிசன் சென்சரைக் கம்பியூட்டர் கேட்கத் தொடங்குவதே தண்ணீர் போதிய சூட்டுக்கு வந்த பிறகுதான். அதுவரை எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணிக் கூடுதல் பெற்றோல் கொடுத்துக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் நானுஓயாவின் மார்கழிக் காலைக் குளிரில் எவ்வளவு ஓடினாலும் சரியான சூட்டைத் தொடாது. தண்ணீர் ஓயாமல் ரேடியேட்டருக்குள் ஓடிக் குளிர்ந்து திரும்பிவிடும்.

கினிகத்தேனை ஏற்றத்தில் எஞ்சின் சூடாவது தெர்மோஸ்டாட்டின் குற்றம் அல்ல. 1000 சிசி எஞ்சினுக்குச் செய்த ரேடியேட்டரை 1500 சிசி எஞ்சினுக்கு வைத்தால் சூடாகத்தான் செய்யும். ரேடியேட்டரைப் பெரிதாக்குங்கள், விசிறியின் ஓரத்தை மூடி காற்று சிதறாமல் செய்யுங்கள், அந்த எஞ்சினுக்குரிய தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பூட்டுங்கள். கழற்றி வைத்த ஒரு சிறிய பித்தளை வால்வினால் இரண்டு ஆண்டுகள் பரிசோதனையில் தடுமாறிய வான் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். அதைப் பூட்டிய மறுநாள் எண் பாதிக்கும் கீழே இறங்கியது. எரிபொருள் செலவும் குறைந்தது.

எந்தச் சென்சர் பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் காரில் செக் எஞ்சின் விளக்கே இல்லையே!

கம்பியூட்டர் இல்லாமலே பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரோடு பிறந்த உடலில் அந்த விளக்குக்கு இடம் இருக்காது. ஆனால் எஞ்சினோடு வந்த கம்பியூட்டரில் அதற்குரிய வயர் இருக்கிறது. ஒரு சிறிய பல்பை டேஷ்போர்டில் வைத்து இணைத்துவிடுங்கள். எஞ்சின் மாற்றும் வேலையில் இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள காரியம் எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் டொயோட்டா எஞ்சின்களில், எஞ்சினுக்கு அருகே உள்ள சோதனைப் பெட்டியில் டீ.ஈ.1, ஈ.1 என்று குறித்த இரண்டு துளைகளை ஒரு வயர் துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், அந்தப் பல்ப் மினுங்கிப் பழுதைச் சொல்லும். இரண்டு மினுக்கம், சிறிய இடைவெளி, ஒரு மினுக்கம் என்றால் 21. அது ஒட்சிசன் சென்சர். 22 தண்ணீர்ச் சூட்டுச் சென்சர். 24 உள்ளே போகும் காற்றின் சூட்டுச் சென்சர். நிற்காமல் ஒரே சீராக மினுங்கினால் கம்பியூட்டர் எந்தப் பழுதையும் பதிவு செய்யவில்லை. சோதனைப் பெட்டியை வெட்டி எறிந்துவிட்டார்கள் என்றால் அந்த வயர்களை வயரிங் கட்டுக்குள் தேடி எடுக்கலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கன்வெர்ட்டர் இல்லாமல் சித்தியடைய முடியுமா? கட்டாயம் போட வேண்டுமா?

நல்ல நிலையிலுள்ள காபரேட்டர் எஞ்சின் கன்வெர்ட்டர் இல்லாமலே சித்தியடையும். கம்பியூட்டர் எஞ்சினும் மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் அந்த எஞ்சின் கன்வெர்ட்டரோடு பிறந்தது என்றால் அதையும் சேர்த்தே பூட்டுங்கள் என்பதுதான் என் கருத்து. லயத்து வாசலை உரசிக்கொண்டு போகும் பாதைகள் நம்முடையவை. பாடசாலை விட்டுப் பிள்ளைகள் ஏற்றத்தில் நடந்து வரும்போது, நம் வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு அவர்கள் முகத்தருகே போகிறது. நஞ்சைக் குறைக்கும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே பூட்டாமல் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

கன்வெர்ட்டர் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசுக்கு மேல்தான் வேலையைத் தொடங்கும். எனவே எஞ்சினிலிருந்து வெகு தூரத்தில், பின் சில்லுக்கு அருகே வைத்தால் பயன் குறைவு. பழைய கன்வெர்ட்டர் வாங்கும்போது கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் தேன்கூடு போன்ற உட்பகுதி உடைந்துவிட்டது, வாங்காதீர்கள். ஒரு துளையில் விளக்கைப் பிடித்து மறுபுறம் பாருங்கள். வெளிச்சம் நுண்ணிய கட்டங்களாகத் தெரிய வேண்டும்.

கொழும்பில் டியூன் செய்த காபரேட்டர் கார். அங்கே எண் அழகாக இருந்தது. நுவரெலியாவுக்கு வந்ததும் எப்படிக் கெட்டுப்போனது?

கார் கெடவில்லை, காற்று மெலிந்துவிட்டது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டருக்கு இது தெரியாது. கொழும்பில் விட்ட ஜெட் துளை வழியாகவே இங்கும் பெற்றோல் விடும், அதோடு சேரும் காற்றில் மட்டும் உயிர் குறைந்திருக்கும். கலவை பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தடிக்கும். காபனோரொட்சைட்டைப் பல மடங்கு உயர்த்த அதுவே போதும்.

வண்டி எந்த உயரத்தில் ஓடுகிறதோ அந்த உயரத்தில் டியூன் செய்யுங்கள். முதலில் ஃபில்டரை மாற்றி, ஃபுளோட் மட்டத்தைச் சரிபார்த்து, பிறகு கலவைத் திருகாணியைத் தொடுங்கள். திருகாணி சும்மா ஓடும் நிலையை மட்டுமே மாற்றும். 2500 சுழற்சியில் எண் கூடினால் பிரதான ஜெட்டைத்தான் ஓர் அளவு சிறிதாக்க வேண்டும். மொரிஸில் 4கே எஞ்சின் வைத்தவர்கள் பலர் பழைய மொரிஸ் காபரேட்டரையோ வேறெதையோ அதில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த ஜெட் 1290 சிசி எஞ்சினுக்காகத் துளைத்தது அல்ல. டொயோட்டாவின் சொந்தக் காபரேட்டரைத் தேடிப் போட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

கம்பியூட்டர் எஞ்சின் காற்றை அளந்தே பெற்றோல் விடுவதால் உயரம் அதற்குப் பெரிய பொருட்டல்ல. உயரத்தில் உங்கள் கம்பியூட்டர் எஞ்சினும் தடித்து ஓடினால் காற்றை அளக்கும் சென்சரையோ அதற்குப் போகும் இரப்பர்க் குழாயையோ பாருங்கள்.

அப்படியென்றால் கண்டிக்கு இறங்கிப் பரிசோதித்துவிட்டு வந்தால் போதாதா?

எண் குறையும். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம்தான், காற்று அடர்த்தி கூடுதல். மயிரிழையில் தப்பாத வண்டி அங்கே தப்பலாம். ஆனால் நீங்கள் திரும்பி நுவரெலியாவுக்குத்தானே வரப்போகிறீர்கள்? தடித்த கலவையோடு ஓடும் எஞ்சினில் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவி எண்ணெயில் கலக்கும், ரிங் தேயும், அடுத்த ஆண்டு கண்டியிலும் திருப்பிவிடுவார்கள். சான்றிதழுக்குச் செலவழிக்கும் பெற்றோல் காசில் ஒரு ஜெட் மாற்றிவிடலாம்.

லேண்ட் ரோவரில் ஜப்பான் டீசல் எஞ்சின் வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பாதையில் நன்றாக ஏறுகிறது, பரிசோதனையில் கரும்புகை என்கிறார்கள். ஏற்றமும் வேண்டும், சான்றிதழும் வேண்டும். வழி உண்டா ஐயா?

உண்டு, ஆனால் முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இழுவைக்காக யாரோ டீசல் பம்பின் அளவுத் திருகாணியைக் கூட்டிவிட்டிருக்கிறார்கள். எரிவதற்குக் காற்று இருந்தால்தான் கூடுதல் டீசல் இழுவையாக மாறும். மேலே நுவரெலியாவைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும். காற்று மெலிந்த உயரத்தில் இயந்திரப் பம்ப் அதே அளவு டீசலைத்தான் விடும். மிஞ்சியது கரியாக வெளியே போகும். திருகாணியை ஒவ்வொரு கால் சுற்றாகக் குறைத்துக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். முதல் சில திருப்பங்களில் புகை குறையும், இழுவை அப்படியே இருக்கும். இழுவை குறையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்துங்கள். பொறுமையாகச் செய்தால் இரண்டும் கிடைக்கும்.

அதற்கும் முன்பு காற்றுப் பாதையைப் பாருங்கள். பழைய லேண்ட் ரோவரின் ஃபில்டரிலிருந்து புதிய எஞ்சினுக்கு, தண்ணீர்க் குழாய் ஒன்றை வளைத்து இணைத்திருப்பார்கள். ஒருவர் எக்சிலேட்டரை மிதிக்கும்போது நீங்கள் அந்தக் குழாயைக் கையால் பிடித்துப் பாருங்கள். உறிஞ்சும் வேகத்தில் குழாய் உள்வாங்கித் தட்டையானால், புகைக்கான காரணம் உங்கள் கைக்குள்ளேயே இருக்கிறது. பிறகு நொசில்களைக் கழற்றி அழுத்தம் பார்க்கக் கொடுங்கள். டீசல் மூடுபனிபோல விசிறப்பட வேண்டும். சொட்டுச் சொட்டாக வடிந்தால் எந்தத் திருகாணியாலும் அதைத் திருத்த முடியாது.

எஞ்சின் டர்போவோடு வந்தது. இடம் போதவில்லை என்று டர்போவைக் கழற்றிவிட்டோம். புகையைக் குறைக்கவே முடியவில்லை.

பம்ப் இன்னும் டர்போ எஞ்சினின் பம்ப்தான். கூடுதல் காற்று வரும் என்று எண்ணிக் கூடுதல் டீசல் விட அதை அமைத்திருக்கிறார்கள். டொயோட்டாவின் 2சி-டி டீசல் எஞ்சினில் டர்போவைக் கழற்றி வைத்து வருகிறவர்களிடம் நான் சொல்வது இரண்டே வழிதான். டர்போவை எப்படியாவது திரும்பப் பூட்டுங்கள், அல்லது டர்போ இல்லாத 2சி எஞ்சினின் பம்பைப் போடுங்கள். திருகாணியை மட்டும் குறைத்துச் சமாளித்தவர்களும் உண்டு. அதில் சும்மா ஓடும் நிலையும் முழு வேகமும் ஒருசேரச் சரியாக வருவது அரிது.

டீசல் பரிசோதனையில் எக்சிலேட்டரை அடிவரை மிதிக்கிறார்கள். எஞ்சின் உடைந்துவிடாதா?

பயம் நியாயமானது. 2சி, 3எல் போன்ற எஞ்சின்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது. ஏறத்தாழ ஓர் இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை அதை மாற்ற வேண்டும். வெளிநாட்டில் பழகி வந்த எஞ்சினில் அந்தப் பெல்ட் எத்தனை ஆண்டுகள் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. மாற்றாமல் பூட்டி, மூன்றாம் மிதியில் பெல்ட் அறுந்து, வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்து, லொறியில் ஏற்றித் திரும்பிய வான் ஒன்றை என் கண்ணால் கண்டேன். உரிமையாளர் பரிசோதனை நிலையத்தைத் திட்டினார். பெல்ட்டைக் கையில் எடுத்தபோது விரல்பட்டே பல் உதிர்ந்தது. எஞ்சினை உடலுக்குள் இறக்கும் முன், வெளியே கிடக்கும்போதே பெல்ட்டையும் அதன் உருளையையும் மாற்றிவிடுங்கள். உள்ளே போன பிறகு அதே வேலைக்கு ஒரு முழு நாள் போகும்.

பதிவுப் புத்தகத்தில் பழைய எஞ்சின் இலக்கம்தான் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பதிவான வண்டி அது. எஞ்சின் இலக்கம், கொள்ளளவு, எரிபொருள் வகை எது மாறினாலும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். எஞ்சின் வாங்கிய பில், இறக்குமதியான எஞ்சின் என்றால் சுங்கப் பத்திரத்தின் பிரதி ஆகியவற்றைக் காசு கொடுக்கும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் விற்றவர் உங்களை அடையாளம் காணவும் மாட்டார்.

பெற்றோல் உடலில் டீசல் எஞ்சின் வைத்தவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எந்தச் சோதனை என்பதையே எரிபொருள் வகைதான் தீர்மானிக்கிறது. 2022 எரிபொருள் நெருக்கடியில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்தபோது, புத்தகத்தில் பெற்றோல் என்றிருந்த வண்டிக்கு டீசல் பெற முடியாமல் அலைந்தவர்கள் எங்கள் வீதியிலேயே இருந்தார்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பதும் எஞ்சின் இலக்கத்தைத்தான்.

ஏதோ திரவம் ஊற்றினால் சித்தியடையும் என்கிறார்கள். வண்டியைக் கொண்டுபோகாமலே சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்கிறவர்களும் இருக்கிறார்களே?

திரவம் நொசிலில் படிந்த அழுக்கைக் கொஞ்சம் கரைக்கலாம். தொங்கும் வயரையும் இல்லாத தெர்மோஸ்டாட்டையும் அது பூட்டித் தராது. 95 ஒக்டேன் பெற்றோல் அடித்தாலும் காபனோரொட்சைட்டு குறையாது. உண்மையாக உதவும் ஒரு சிறு காரியம், பரிசோதனைக்கு முன் எஞ்சின் எண்ணெயை மாற்றுவது. தடித்த கலவையில் ஓடிய எஞ்சினின் எண்ணெயில் பெற்றோல் கலந்திருக்கும். அதன் ஆவி மூச்சுக் குழாய் வழியாகத் திரும்ப எஞ்சினுக்குள் போய் அறிக்கையில் வரும் அளவை உயர்த்தும்.

வண்டி போகாத சான்றிதழை வாங்காதீர்கள். அது குற்றம். பழுது என்ன என்று சொல்லும் ஒரே கருவியையும் அதனால் இழக்கிறீர்கள்.

பரிசோதனை நாளன்று என்ன செய்ய வேண்டும்? காலையில் வெள்ளைப் புகை வேறு வருகிறதே?

குளிர் காலையில் வரும் வெள்ளை ஆவி தண்ணீர்தான், எஞ்சின் சூடானதும் மறைந்துவிடும். சூடான பிறகும் வெள்ளையாக வந்து ரேடியேட்டர் தண்ணீர் குறைந்தால் கேஸ்கட்டைப் பாருங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது, அன்று போகாதீர்கள்.

அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டுப் போங்கள். நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு ஏறி வருகிறவருக்கு அந்த ஏற்றமே போதும். வரிசையில் காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்தியிருந்தால், உங்கள் முறை வருவதற்கு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு முன் இயக்கி 2500 சுழற்சி அளவில் பிடியுங்கள். கன்வெர்ட்டர் ஆறிப்போயிருந்தால் அது மீண்டும் விழிக்கும்.

சும்மா ஓடும்போது கூடுதல், 2500இல் சரி என்று அறிக்கை சொல்கிறது. இது என்ன விந்தை?

விந்தையல்ல, நல்ல தடயம். ஐதரோகாபன் மட்டும் அப்படி என்றால் எஞ்சினுக்குக் காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் எங்கோ வெளிக் காற்று நுழைகிறது. வேகம் குறைந்தபோது அந்த ஓட்டை பெரிதாகத் தெரியும், வேகம் கூடும்போது காணாமல் போகும். பழைய பிரேக் பூஸ்டரின் குழாயைப் புதிய எஞ்சினோடு இணைத்த இடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.

காபனோரொட்சைட்டு அப்படி என்றால், கம்பியூட்டர் எஞ்சினில் நான் முதலில் பார்ப்பது எரிபொருள் திரும்பும் குழாயை. காபரேட்டர் வண்டியின் மெல்லிய குழாயையே இன்ஜெக்சன் பம்புக்கும் பயன்படுத்தியிருப்பார்கள். சும்மா ஓடும்போது எஞ்சின் குடிப்பது கொஞ்சம், மீதி எல்லாம் டாங்கிக்குத் திரும்ப வேண்டும். குழாய் மெலிதானால் திரும்ப வழியின்றி அழுத்தம் ஏறும், இன்ஜெக்டர் கூடுதலாகத் துப்பும். வேகம் கூடினால் எஞ்சினே குடித்துவிடுவதால் அழுத்தம் சீராகும். அழுத்தச் சீராக்கியின் வெற்றிடக் குழாய் கழன்று கிடந்தாலும் இதே அடையாளம்தான் வரும்.

எஞ்சின் மாற்றிய வண்டி ஒன்றை வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும் தம்பி?

பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தை எஞ்சினில் வெட்டியிருக்கும் இலக்கத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள், கைபேசி வெளிச்சம் போதும். சாவியைத் திருப்பும்போது செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் இணைக்கவில்லை, அல்லது மறைத்துவிட்டார்கள். எஞ்சின் சூடான பிறகு ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொடுங்கள். தொட முடியாத சூடு இருந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் தன் இடத்தில் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கடந்த மூன்று ஆண்டுகளின் புகைப் பரிசோதனை அறிக்கைகளைக் கேளுங்கள். சித்தியடைந்தது என்ற சொல்லைப் பார்க்க வேண்டாம். காபனோரொட்சைட்டின் மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 0.4, 0.5, 0.4 என்று இருந்தால் எஞ்சினை மாற்றியவர் வேலையை முடித்திருக்கிறார். 0.4, 1.1, 2.3 என்று ஏறிக்கொண்டே போனால், அடுத்த எண்ணுக்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.